கரியா, பெல்லட்டா, மரச்சில்லா? தானியங்கி வீட்டு பாய்லருக்கான எரிபொருள் பற்றி ஓர் எளிய விளக்கம்

போலந்தில், கிராக்கோவ் நகர எல்லையைத் தாண்டி இருபது நிமிடம் போனால் வரும் ஒரு சிற்றூரில் வாடகைக்கு இருக்கிறோம். நகரத்துக்குள் 2019 செப்டம்பர் 1 முதல் கரியோ விறகோ எதையும் வீடுகளில் எரிக்கக் கூடாது. எல்லைக்கு வெளியே, பாய்லர் விதிகளுக்கு உட்பட்டிருந்தால் எரிக்கலாம். அதனால் அக்டோபர் பிறந்ததும் எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஒரே பேச்சுதான்: இந்தக் குளிருக்கு எதை வாங்கிப் போடுவது?

புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பங்களும் இதைத்தான் கேட்கிறார்கள். "கரியில்தானே சூடு அதிகம்?" "பெல்லட் என்பது வெறும் மரத்தூள்தானே, அதற்கு ஏன் இவ்வளவு விலை?" "பக்கத்து வீட்டில் ஓட்ஸ் தானியத்தை எரிக்கிறார்களாமே, நாமும் எரிக்கலாமா?" பதில் சொல்பவர்களும் சூடு, விலை, புகை, வசதி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். ஒரு டன் விலையை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு ஜனவரியில் நடுங்கியவர்களை எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருவன். அதனால்தான் இதை அடியிலிருந்து எழுதுகிறேன்.

ஒரு சொல் விளக்கம் முதலில். தமிழில் மரக்கரியையும் கரி என்கிறோம், நிலக்கரியையும் கரி என்கிறோம். இந்தக் கட்டுரையில் கரி என்றால் நிலக்கரி மட்டும். பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சி; மரச்சில்லு என்பது மரத்தை நறுக்கிய சிறு துண்டுகள்.

கொல்லைப்புற வெந்நீர் பாய்லர்

நம் ஊர் வீடுகளில் முன்பு செம்பு வெந்நீர் பாய்லர் இருந்தது நினைவிருக்கும். நடுவில் ஒரு குழாய். அதில் சிரட்டையும் விறகுத் துண்டும் போட்டு எரிப்போம். குழாயைச் சுற்றி நிற்கும் தண்ணீர் சூடாகும். கீழே சாம்பல் விழும், மேலே புகை போகும்.

இங்கே வீட்டின் அடித்தளத்தில் நிற்கும் பாய்லரும் அதே தத்துவம்தான். சூடான தண்ணீர் குளிக்கப் போவதற்குப் பதிலாக, ஒரு பம்ப் அதை அறை அறையாகச் சுவரோரம் இருக்கும் ரேடியேட்டர்களுக்கு அனுப்பும். ஆறிய தண்ணீர் திரும்பி வந்து மறுபடி சூடாகும். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை இந்தச் சுற்று நிற்காது.

ஆறு மாதம் இரவும் பகலும் ஒருவர் உட்கார்ந்து விறகு தள்ள முடியாது. அதற்காக வந்ததுதான் தானியங்கி பாய்லர். பக்கத்தில் ஒரு பெரிய தொட்டி இருக்கும். அதில் மூட்டை மூட்டையாக எரிபொருளைக் கொட்டிவிட்டால் சில நாளைக்குக் கவலை இல்லை. தொட்டியின் அடியில் ஓர் இரும்புத் திருகு சுழன்று எரிபொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குத் தள்ளும். கறி அரைக்கும் மெஷினுக்குள் இறைச்சியை முன்னே தள்ளும் திருகைப் பார்த்திருந்தால், இதுவும் அதே உருவம்தான். போலந்துக்காரர்கள் இதை 'நத்தை' என்று அழைக்கிறார்கள். ஒரு விசிறி காற்றை ஊதும். எவ்வளவு தள்ளுவது, எவ்வளவு ஊதுவது என்பதை ஒரு மின்னணுப் பெட்டி முடிவு செய்யும்.

கரி பாய்லரில் திருகு கரியைக் கீழிருந்து மேலே தள்ளும். பொங்கல் பானையில் பொங்கி வருவது மாதிரி கரி நடுவிலிருந்து மேலெழும்பி, உச்சியில் எரிந்து, விளிம்பு வழியே சாம்பலாகக் கீழே விழும். பெல்லட் பாய்லரில் பெரும்பாலும் மேலிருந்து ஒரு குழாய் வழியே எரிப்பானுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விழும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். அடுப்பில் விறகு வைக்கும்போது நாம் அறியாமலே நூறு முடிவு எடுக்கிறோம். ஈரக்கட்டையை ஒதுக்குகிறோம், பெரியதைப் பிளக்கிறோம், கல் தட்டுப்பட்டால் தூக்கிப் போடுகிறோம், சாம்பல் மூடினால் கிளறுகிறோம். திருகுக்குக் கண் கிடையாது, கை கிடையாது. எது வந்தாலும் தள்ளும், முடியாவிட்டால் நிற்கும்.

எங்கள் முதல் குளிர்காலத்தில் ஒருநாள் விடியற்காலை வீடே சில்லென்று இருந்தது. கீழே போய்ப் பார்த்தால் மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கிறது, திருகு அசையவில்லை. வீட்டுக்காரர் வந்தார். மோட்டாரும் திருகும் சேரும் இடத்தில் ஒரு சின்ன உலோக முள்ளைக் காட்டினார். இரண்டாக முறிந்து கிடந்தது. தொட்டியில் கையை விட்டுத் துழாவி, புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கரியோடு வந்த கல். திருகு வளைந்துவிடாமல் இருக்க அந்த முள் முதலில் முறிய வேண்டும் என்றே மெலிதாகச் செய்திருக்கிறார்கள். அன்றிலிருந்து நாலு முள் வாங்கிப் பாய்லர் மேலேயே வைத்திருக்கிறேன்.

இதுவரை சொன்னது: தானியங்கி பாய்லர் என்பது திருகு, விசிறி, கட்டுப்பாட்டுப் பெட்டி மூன்றும் சேர்ந்த வெந்நீர் அடுப்பு. அதற்கு எரிபொருள் ஒரே சீராக இருக்க வேண்டும். நாம் கூடுதலாகக் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி இந்தச் சீருக்குத்தான்.

சூட்டை யூனிட்டில் அளப்போம்

'கரியில் சூடு அதிகம்' என்பது பாதி உண்மை. ஒரு கிலோவுக்கு அதிகம். ஆனால் நாம் வாங்குவது கிலோவை அல்ல, வீட்டுக்குள் வரும் சூட்டை. அதற்கு ஓர் அளவு வேண்டும்.

கரண்ட் பில்லில் வரும் யூனிட் எல்லோருக்கும் தெரியும். ஆயிரம் வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அதே யூனிட்டில் எரிபொருளையும் அளக்கலாம். ஒரு கிலோவை முழுதாக எரித்தால் கிடைக்கும் யூனிட்டுக்கு வெப்ப மதிப்பு என்று பெயர்.

வீட்டுப் பாய்லருக்கு வரும் நல்ல கரியில் கிலோவுக்கு ஏறக்குறைய 7.2 யூனிட் இருக்கும். முற்றிலும் உலர்ந்த மரத்தில் 5.2 யூனிட். எந்த மரம் என்பதில் இதற்குப் பெரிய வித்தியாசமே இல்லை. தேவதாருவோ, ஓக்கோ, நம் ஊர்ச் சீமைக்கருவேலமோ, கிலோவுக்குக் கிலோ கிட்டத்தட்ட அதேதான். கனமான மரம் 'நின்று எரிவது' அதே இடத்துக்குள் கிலோ அதிகமாக அடங்கியிருப்பதால்.

தண்ணீர் எடுத்துக்கொள்ளும் பங்கு

முற்றிலும் உலர்ந்த மரம் என்று ஒன்று நடைமுறையில் கிடையாது. மரத்துக்குள் தண்ணீர் இருக்கிறது. அது இரண்டு வழியில் நம்மை ஏமாற்றும். ஒன்று, எடை போடும்போது தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். இரண்டு, அந்தத் தண்ணீர் ஆவியாக வேண்டும்; ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.68 யூனிட் செலவாகி, புகைபோக்கி வழியே போய்விடும்.

கணக்கு எளிது. நூற்றுக்கு 50 பங்கு ஈரமுள்ள, அன்று வெட்டிய மரத்தை எடுங்கள். ஒரு கிலோவில் மரம் அரைக் கிலோதான், அதாவது 2.6 யூனிட். மீதி அரைக் கிலோ தண்ணீரை ஆவியாக்க 0.34 போகும். மிச்சம் 2.26 யூனிட். அதே மரத்தை 30 பங்கு ஈரம் வரும்வரை காயவிட்டால் 3.44. 8 பங்குக்குக் கொண்டுவந்தால் 4.7. மரம் ஒன்றுதான், காய்ந்த அளவு மட்டும் மாறியிருக்கிறது, சூடு இரண்டு மடங்காகிவிட்டது.

பெல்லட்டின் ரகசியத்தில் பாதி இதுதான். மர அறுவை ஆலையில் மிஞ்சும் தூளை நன்றாக உலர்த்தி, துளையிட்ட எஃகுத் தகட்டின் வழியே பெரும் அழுத்தத்தில் பிழிகிறார்கள். முறுக்கு அச்சில் மாவு பிழிவது மாதிரி. அழுத்தத்திலும் உரசலிலும் தூள் சூடாகும்போது, மரத்திலேயே இருக்கும் லிக்னின் என்ற பசைப்பொருள் இளகி, ஆறியதும் தூளை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. தனியாகப் பசை தேவையில்லை. வெளியே வருவது பென்சிலைவிட மெல்லிய, பளபளவென்ற குச்சிகள்.

வெறும் மரத்தூளையே ஏன் எரிக்கக் கூடாது என்று கேட்பார்கள். நம் ஊரில் மரத்தூள் அடுப்பு உண்டு: நடுவில் பாட்டிலை வைத்துச் சுற்றிலும் தூளை இடித்து இறுக்கி, பாட்டிலை உருவிவிட்டுப் பற்றவைப்போம். அப்படி இறுக்கி வைத்தால்தான் அது ஒழுங்காக எரியும். தொட்டியில் உதிரியாகக் கொட்டிய தூள் கீழே இறங்காது, பாலம் போட்டது மாதிரி நின்றுவிடும். குச்சியாக்கிவிட்டால் அரிசி மாதிரி சரசரவென்று இறங்கும்.

எவ்வளவு இடம், எவ்வளவு சாம்பல்

எங்கள் மாதிரி வீட்டுக்கு ஒரு குளிர்காலத்துக்கு 20,000 யூனிட் சூடு தேவை என்று வைத்துக்கொள்வோம். எந்த பாய்லரும் எரிபொருளின் சூட்டை முழுதாகத் தண்ணீருக்குக் கொடுக்காது. கொஞ்சம் புகையோடு போகும். நூற்றுக்கு எத்தனை பங்கு தண்ணீருக்கு வருகிறதோ அது செயல்திறன். ஒப்பிடுவதற்காக எல்லாவற்றுக்கும் 85 என்று வைப்போம். அப்போது ஏறக்குறைய 23,500 யூனிட்டுக்கு எரிபொருள் வாங்க வேண்டும்.

கரி என்றால் 3.3 டன். நாலு கன மீட்டர் இடத்தில் அடங்கிவிடும். பெல்லட் என்றால் 5 டன், ஏழரை கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 30 பங்கு ஈரமுள்ள மரச்சில்லு என்றால் கிட்டத்தட்ட 7 டன். சில்லு உதிரியாகக் கிடப்பதால் 27 கன மீட்டருக்கு மேல் இடம் வேண்டும். ஒரு நடுத்தர அறையைத் தரையிலிருந்து கூரைவரை நிரப்பிவிடும்.

சாம்பலில் கணக்கு தலைகீழாகும். கரியில் நூற்றுக்கு 8 பங்கு சாம்பல் என்றால் ஆண்டுக்கு 260 கிலோ. ஒவ்வொரு வாளியையும் அடித்தளத்திலிருந்து படியேறித்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். நல்ல பெல்லட்டில் சாம்பல் நூற்றுக்கு அரைப் பங்குதான், ஆண்டுக்கே 25 கிலோ. வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் பலர் பெல்லட்டுக்கு மாறியதற்குக் காரணம் காற்று மாசைவிட இந்த வாளிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் வீட்டுக்காரரும் கடைசியில் கரி பாய்லரை எடுத்துவிட்டுப் பெல்லட் பாய்லர் வைத்தது முதுகுவலிக்குப் பயந்துதான்.

சுருக்கமாக: கிலோவுக்குச் சூடு கரியில் அதிகம், இடமும் குறைவு. பெல்லட்டில் எடையும் இடமும் கூடும், சாம்பல் பத்தில் ஒரு பங்காகும். சில்லுக்குக் கிடங்கு இல்லாமல் முடியாது.

சாம்பல் உருகினால் வரும் தொல்லை

எவ்வளவு சாம்பல் என்பதைவிட, அந்தச் சாம்பல் எந்தச் சூட்டில் உருகும் என்பது முக்கியம். இதை விற்பவர்கள் பேசவே மாட்டார்கள்.

சாம்பல் பொடியாக விழுந்தால் பிரச்சினை இல்லை. நெருப்பின் சூட்டில் அது இளகிவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டி, கண்ணாடிக் கட்டி மாதிரி உறைந்துவிடும். இதைக் கிட்டம் என்று சொல்லலாம், இரும்புக் கொல்லர் உலையில் மிஞ்சுவது மாதிரி. எரிப்பானில் காற்று வரும் துளைகளைக் கிட்டம் அடைத்தால் நெருப்பு மூச்சுத் திணறும், புகை கறுக்கும், கடைசியில் அணையும்.

வளையல் கண்ணாடி செய்பவர்களுக்கு இதன் காரணம் தெரியும். மணல் தனியாக உருக மிகப் பெரிய சூடு வேண்டும். காரப்பொருள் சேர்த்தால் அதைவிட வெகு குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். வைக்கோலிலும் தானியத்திலும் பொட்டாசியம் என்ற காரப்பொருள் நிறைய உண்டு. கூடவே மணலின் மூலப்பொருளான சிலிக்காவும் உண்டு. அதனால் வைக்கோல் சாம்பல் 800, 900 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். பட்டை நீக்கிய மரத்தின் சாம்பல் 1200 டிகிரிக்கு மேலும் தாங்கும்.

பெல்லட் பாய்லர் வந்த முதல் வருடம், விலை மலிவாக இருக்கிறதே என்று ஒரு விற்பனையாளரிடம் பெயர் இல்லாத பைகளில் பெல்லட் வாங்கினேன். நிறம் கொஞ்சம் கறுப்பு. மூன்றாம் நாள் எரிப்பானைத் திறந்தால் உள்ளே தேன்குழல் பிழிந்து கருக்கிய மாதிரி ஒரு பழுப்புக் கட்டி. ஓட்டை ஓட்டையாக, விளிம்பில் பளபளப்பாக, சுண்டினால் பீங்கான் சத்தம். ஸ்க்ரூடிரைவரை வைத்துத் தட்டித்தான் எடுத்தேன். பட்டையும் மண்ணும் கலந்த தூளில் செய்தது என்று பிறகு தெரிந்தது. அந்த ஒரு டன் தீரும்வரை தினமும் காலையில் அதே வேலை. மிச்சப்படுத்திய பணம் அந்த வேலைக்கு ஈடாகவில்லை.

எரிவது வாயு

விறகு எரிகிறது என்று சொல்கிறோம். கூர்ந்து பார்த்தால் சுடர் கட்டையைத் தொடாமல் கொஞ்சம் மேலே தள்ளி ஆடும். சூடானதும் மரம் முதலில் வாயுவாக வெளியேறுகிறது. அந்த வாயுதான் சுடராக எரிகிறது. எல்லாம் போன பிறகு மிஞ்சும் கங்கு தனியாக, சுடரில்லாமல் எரியும். இப்படி வாயுவாகப் போகும் பங்குக்கு ஆவிப்பொருள் என்று பெயர். மரத்தில் அது நூற்றுக்கு 75 முதல் 85. போலந்து வீட்டுக் கரியில் 30 முதல் 35. ஆந்த்ரசைட் என்ற கடினக் கரியில் 10-க்கும் கீழ்.

புகையின் கதை முழுவதும் இதில் இருக்கிறது. அந்த வாயுவுக்குப் போதிய காற்றும் சூடும் கிடைத்தால் அது சுத்தமாக எரிந்துவிடும். கிடைக்காவிட்டால் பாதி எரிந்த வாயு ஆறி, தாராகவும் நுண்துகளாகவும் வெளியே போகும். மூச்சில் இறங்கி நெஞ்சைக் கெடுப்பது அதுதான். எனவே 'மரம் சுத்தமானது, கரி அழுக்கு' என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. நல்ல பாய்லரில் உலர்ந்த பெல்லட் சுத்தமாக எரியும். ஈர விறகைப் பழைய அடுப்பில் திணித்தால் வரும் புகை கரிப்புகைக்குக் குறைந்ததே அல்ல.

ஆனால் கந்தகம் வேறு விஷயம். கரியில் நூற்றுக்கு அரை முதல் ஒரு பங்கு வரை கந்தகம் இருப்பது வழக்கம். மரத்தில் அதில் சிறு துளிதான். காற்றை எப்படி ஊதினாலும் கந்தகம் மறையாது. புகையில் போகும், புகைக்கரியில் தங்கி ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி பாய்லரின் இரும்பையும் தின்னும். கரி பாய்லர் வைத்திருப்பவர்கள் ஏப்ரலில் நெருப்பை அணைத்ததும் உட்புறத்தைத் துடைத்துச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்று சொல்வது அதனால்தான். கோடை முழுவதும் அப்படியே விட்டால் துருப்பிடிக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஜனவரி 1 முதல் விற்பனைக்கு வரும் புதிய பாய்லர்களுக்கு ஒரு வரம்பு உண்டு. தானியங்கி என்றால் ஒரு கன மீட்டர் புகையில் துகள் 40 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. கையால் எரிபொருள் போடும் பாய்லருக்கு 60. சட்டமே தானியங்கியிடம் கூடுதலாக எதிர்பார்க்கிறது, ஏனென்றால் சீரான எரிபொருளும் அளந்த காற்றும் அதனால்தான் முடியும்.

இனி ஒவ்வொன்றாக

கரியில் தொடங்குவோம். போலந்தில் தானியங்கி பாய்லருக்கு விற்பது 5 முதல் 25 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு கரி. அதன் பெயரில் வரும் 'க்ரோஷெக்' என்ற சொல்லுக்குப் பட்டாணி என்று பொருள். முன்னால் 'எக்கோ' என்று சேர்த்து 'எக்கோக்ரோஷெக்' என்று பல காலம் விற்றார்கள். அந்த 'எக்கோ'வைப் பார்த்து இது ஏதோ பசுமையான பொருள் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இது சல்லடையில் அளவு பார்த்துப் பிரித்த சாதாரண நிலக்கரிதான். பழைய கைப்பாய்லரில் கண்டதையும் போட்டு எரிப்பதைவிட மேல், அவ்வளவே. எரிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஏறக்குறைய 340 கிராம் கரியமில வாயு வெளியேறும்.

கரி வாங்கும்போது வெப்ப மதிப்பை மட்டும் பார்க்கக் கூடாது. சில கரிகள் சூட்டில் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரும்பு ஆலைக்கு அந்தக் குணம்தான் வேண்டும். நம் பாய்லரிலோ அது பெரிய கோபுரமாக எழும்பி, எரியாமலே சாம்பலில் சரிந்து விழும். அதனால் ஒட்டாத ரகம் என்று கேட்டு வாங்க வேண்டும். சாம்பலில் கறுப்புக் கட்டி நிறைய கிடந்தால் ஒன்று கரி ஒட்டுகிறது, அல்லது திருகு வேகமாகத் தள்ளுகிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆந்த்ரசைட்டையும் இப்படிச் சல்லடை போட்டே விற்கிறார்கள். அளவுகளுக்கு அங்கே முட்டை, பட்டாணி, அரிசி என்றெல்லாம் பெயர். வீட்டுத் தானியங்கி பாய்லருக்குப் பரவலாகப் போவது 'அரிசி'. ஆவிப்பொருள் குறைவு என்பதால் புகையே தெரியாமல் எரியும், ஆனால் பற்றவைக்கத் தனிப் பொறுமை வேண்டும். எதிர்முனையில் இருப்பது பழுப்பு நிலக்கரி, நம் நெய்வேலியில் வெட்டுவது. வெட்டியதும் அதில் பாதி தண்ணீர். சுரங்கத்தை ஒட்டிய மின் நிலையத்துக்கு அது பொருந்தும். வீட்டுத் திருகுக்கு வேண்டாம்.

அடுத்தது பெல்லட். இதில் தரக்குறி இருப்பதே பெரிய நிம்மதி. பையின் மேல் ஈஎன்பிளஸ் ஏ1 என்ற முத்திரை இருந்தால் சாம்பல் 0.7 பங்குக்குள், ஈரம் 10 பங்குக்குள், வெப்ப மதிப்பு கிலோவுக்கு 4.6 யூனிட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். முத்திரை இல்லாத பையானால் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் நாலைந்து குச்சி போடுங்கள். நன்றாக இறுகியது மூழ்கிவிடும், அப்புறம் ஊதிப் பிரிந்து தூளாகும். மிதந்தால் அழுத்தம் போதவில்லை. பையின் அடியில் எவ்வளவு தூள் தேங்கியிருக்கிறது என்றும் பாருங்கள். தூள் அதிகமானால் தொட்டியில் இறங்காது.

பெல்லட்டின் இன்னொரு பலம், தானாகப் பற்றிக்கொண்டு தானாக அணைவது. ஒரு மின்கம்பி காற்றைச் சூடாக்கி ஊத, சில நிமிடத்தில் தீப்பிடிக்கும். வீடு சூடானதும் முழுதாக அணையும். கரி அப்படிப் பற்றாது என்பதால் நெருப்பை உயிரோடு வைத்திருக்கத் திருகு அவ்வப்போது கொஞ்சம் தள்ளிக்கொண்டே இருக்கும். ஏப்ரல் மாதப் பகலில், சூடு தேவைப்படாதபோதும் அது கனன்று புகைந்துகொண்டுதான் இருக்கும்.

மரச்சில்லு ஆஸ்திரியப் பண்ணை வீடுகளுக்கு அழகாகப் பொருந்துகிறது. சொந்தக் காடு, சொந்த டிராக்டர், வைக்கக் களஞ்சியம் மூன்றும் இருப்பவர்களுக்கு அதைவிட மலிவு இல்லை. நகரத்து வீட்டில் யோசிக்கவே வேண்டாம்.

ஓட்ஸைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். எரியும், மரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. தானியம் என்பதால் திருகில் அழகாக ஓடும். கெட்டுப்போய், விலைபோகாமல் கிடந்த தானியத்தை விவசாயிகள் எரிப்பதும் உண்டு. ஆனால் சாம்பல் பல மடங்கு, பொட்டாசியத்தால் கிட்டம் கட்டும், குளோரின் இரும்பை அரிக்கும். அதற்கென்று செய்த எரிப்பான் இல்லாமல் போட்டால் பாய்லரின் ஆயுள் குறையும். சோறாகும் பொருளை நெருப்பில் கொட்டுவது எனக்கு மனசுக்கும் ஒப்பவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பகுதியின் சாரம்: கரிக்கு ஒட்டாத ரகமும் சரியான அளவும், பெல்லட்டுக்கு முத்திரையும், சில்லுக்குக் கிடங்கும், தானியத்துக்குத் தனி எரிப்பானும் வேண்டும்.

விலையை ஒப்பிடும் முறை

ஒரு டன் விலையை, அந்த டன்னிலிருந்து வீட்டுக்கு வரும் யூனிட்டால் வகுக்க வேண்டும். வேறு எந்த ஒப்பீடும் செல்லாது.

85 பங்கு செயல்திறனில் ஒரு டன் கரி 6,120 யூனிட் தரும். ஒரு டன் பெல்லட் கிட்டத்தட்ட 4,000. கணக்குக்காக இரண்டும் டன் 1,600 ஸ்வாட்டி (போலந்து நாணயம்) என்று வைத்தால், கரியில் யூனிட்டுக்கு 26 காசு, பெல்லட்டில் 40 காசு. நூறு காசு ஒரு ஸ்வாட்டி. பெல்லட் டன் விலை கரியின் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவாக இறங்கினால்தான் எரிபொருள் செலவு சமமாகும். கரிக்காரர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் ஒன்று: 85 என்பது நன்றாகச் சீரமைத்த பாய்லருக்கு. சாம்பலில் எரியாத கரி விழுந்துகொண்டிருந்தாலும், ஏப்ரல் முழுவதும் சும்மா கனன்றுகொண்டிருந்தாலும் அந்த 26 காசு வேகமாக ஏறும்.

விலை நிலையாக நிற்கும் என்றும் நம்ப முடியாது. 2022 ஏப்ரலில் ரஷ்யக் கரி இறக்குமதியைப் போலந்து தடை செய்தது. அந்த இலையுதிர் காலத்தில் டன் 3,000 ஸ்வாட்டியைத் தாண்டியது. கரியால் சூடேற்றும் குடும்பங்களுக்கு அரசு ஒரே தவணையாக 3,000 ஸ்வாட்டி கொடுக்க வேண்டிவந்தது. பெல்லட் விலையும் கூடவே ஏறியது. கரி கிடைக்காதவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். பாய்லர் வாங்கும்போது அரசு உதவியும் கணக்கில் வரும்: 2018-இல் தொடங்கிய 'சுத்தமான காற்று' திட்டம் 2022 முதல் கரி பாய்லருக்குப் பணம் தருவதில்லை.

பெரிய பாய்லர் வாங்கும் தவறு

குளிருக்குப் பயந்து எல்லோரும் தேவைக்கு இரண்டு மடங்கு பெரிய பாய்லர் வாங்குகிறார்கள். பெரியது பத்து நிமிடம் பெரும் நெருப்பாக எரிந்து, தண்ணீர் சூடானதும் நிற்கும். மறுபடி எரியும், நிற்கும். தொடங்கும்போதும் நிற்கும்போதும்தான் புகை அதிகம், சூடு வீண். சிறியது நாள் முழுவதும் நிதானமாக எரிவதே மேல். அதோடு சூடான தண்ணீரைச் சேர்த்து வைக்க, நன்றாகப் போர்த்திய ஒரு பெரிய தொட்டியை இணைத்தால் பாய்லர் ஒரே மூச்சில் எரிந்து முடித்துவிட்டு ஓய்வெடுக்கலாம். ஆயினும் வீட்டுச் சுவருக்கும் கூரைக்கும் வெப்பக்காப்பு போடுவதை எந்த எரிபொருளும் ஈடுசெய்யாது. அது 20,000 யூனிட்டையே குறைத்துவிடும்.

உயிர் விஷயம்

கரி, மரம் எதுவானாலும் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, மணமில்லை, தூக்கத்திலேயே உயிரைக் குடிக்கும். பாய்லர் அறையிலும் படுக்கை அறைக்கு வெளியிலும் அதற்கான எச்சரிக்கைக் கருவி கட்டாயம் வேண்டும். வாடகை வீடு, நமக்கென்ன என்று விட்டுவிடாதீர்கள். ஒரு நல்ல சாப்பாட்டுச் செலவில் கிடைக்கும்.

பலருக்குத் தெரியாதது இன்னொன்று: நெருப்பே இல்லாமல், கிடங்கில் சும்மா கிடக்கும் பெல்லட்டிலிருந்தும் இந்த வாயு வரும். மரத்திலுள்ள கொழுப்புப் பொருள்கள் காற்றோடு மெல்ல வினைபுரிவதால் இது நடக்கிறது. புதிதாகக் கொட்டிய முதல் சில வாரங்களில்தான் அதிகம். மூடிய கிடங்கில் நுழைந்தவர்கள் ஐரோப்பாவில் இறந்திருக்கிறார்கள். சில மூட்டைகள் அடுக்கி வைப்பவர்களுக்கு இந்த ஆபத்து பெரிதில்லை. லாரியிலிருந்து குழாய் வழியே டன் கணக்கில் ஊதி நிரப்பும் கிடங்கு இருந்தால் அதற்குக் காற்றுவழி இருக்க வேண்டும். உள்ளே போக வேண்டி வந்தால் பாய்லரை நிறுத்துங்கள், கதவைத் திறந்து குறைந்தது கால் மணி நேரம் விடுங்கள். வெளியே ஒருவர் நின்று உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பிள்ளைகளுக்கு அந்தக் கதவின் சாவி எங்கே இருக்கிறது என்றே தெரியக் கூடாது.